மழை இலாகா மாப்பிள்ளை

கோணங்குளத்துக்காரங்கள தப்பா நினைச்சுராதீங்க. தங்கமான ஆளுங்க. எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வாங்க. பிரச்சினையே அதான்!

அந்த ஊரு பேச்சிமுத்து, சங்கரன்கோவிலுக்குக் கோமுவ பொண்ணு பாக்கப் போனான். மதுரையத் தாண்டாத பய. ஆனா சபையில கெத்தா, "இமயமலைக்கெல்லாம் போயிருக்கேன்"னு அளந்துட்டான்.

காபிய நீட்டிக்கிட்டே கோமு கேட்டா, "அப்படியா? பனிய தொட்டா எப்படி இருக்கும்?"

பேச்சிமுத்து கையில டம்ளர் கொதிக்குது. வேற எதுவும் வாயில வரல. "சூடா இருக்கும்."

"ஐஸ்கிரீம் சில்லுனுதான இருக்கு?"

"அது ஃபிரிட்ஜுக்குள்ள வச்சது. இது வெளிய வெயில்ல கிடக்குறதுல்லா?"

கோமு யோசிச்சா. "சரி, உங்க கையால பனிய தொட்டு வீடியோ கால்ல காட்டுங்க. சூடா இருந்தா நம்ம கல்யாணம். இல்லன்னா முன்னாடியே பாத்துட்டுப் போன கழுகுமலை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

பேச்சிமுத்து அன்னைக்கு ராத்திரியே கூட்டாளிங்கள கூப்பிட்டான். அவனுக்குக் கோமுவ அவ்வளவு புடிச்சுப்போச்சு.

கூட்டாளிங்க மூணு பேரு கூடுனாங்க. தளவாய்க்கு வண்டி ஓட்டத் தெரியும், அதனால அவன்தான் தலைவர். அடுத்து சொர்ணவேல். அப்புறம் ஊய்காட்டான். நாலு பேரும் வேன் வாடகைக்கு விடுற அலியார் பாய்கிட்ட யோசனை கேக்கப் போனாங்க.

பாய் பொறுமையாத்தான் சொன்னாரு. "வைகாசி கடைசில போறீங்க. கேரளாவுல மழை கொட்டும், ராஜஸ்தான்ல வெயில் மண்டைய பொளக்கும், மலை மேல பனி கிடக்கும். மூட்டைய குறைங்க. பொறுப்ப ஆளுக்கொன்னா பிரிச்சுக்கோங்க. முக்கியமா, அந்தந்த ஊருக்குத் தகுந்த துணி இல்லாதவன் வண்டிய விட்டு இறங்கவே கூடாது!"

நாலு பேரும் அப்படியே மனசுல ஏத்திக்கிட்டாங்க.

"எல்லாரும் எல்லாத் துணியும் தூக்குனா மூட்டை எப்படிலே குறையும்?"னான் தளவாய். "ஆளுக்கு ஒரு இலாகா. குடை யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட"ன்னான் பேச்சிமுத்து.

"நீ மழை இலாகா. சொர்ணவேலுக்கு அவன் மச்சான் ஊட்டில இருந்து ஸ்வெட்டர் அனுப்பிருக்கான். அவன் பனி. ஊய்காட்டான்கிட்ட பனியன தவிர ஒன்னுமே இல்ல. அவன் வெயில்."

"நீ?"

"வண்டிக்குள்ள அடிக்கிற ஏசி என் இலாகா."

இந்தியாவ இவ்வளவு சுலபமா யாரும் பங்கு வச்சிருக்க மாட்டாங்க!

கேரளாவுல மழை பிச்சு ஊத்துச்சு. பேச்சிமுத்து மட்டும் குடையோட இறங்கி, நாலு பேருக்கும் சேத்து அவனே ஆப்பம் தின்னுட்டு வந்தான். மத்தவங்க, "எங்களுக்கு வயிறு நெறைஞ்சுச்சாலே?"ன்னு கேட்டுக்கிட்டாங்க. "உங்க ரெண்டு பேருக்கும் நெறைஞ்சிருச்சு. தளவாய்க்குத்தான் ரெண்டு குறையுது"ன்னான் பேச்சிமுத்து.

ராஜஸ்தான்ல ஊய்காட்டான் பனியனோட போய் கோட்டைய பாத்துட்டு வந்தான்.

"எப்படிலே இருக்கு?"

"நம்மூரு ரைஸ்மில்லு கணக்கா இருக்கு. ஆனா உமிய காணும்."

எல்லாரும், பாத்தவங்க மாதிரியே, தலைய ஆட்டிக்கிட்டாங்க.

அப்படியே ஏறி ஏறி, இமயமலை கணவாய்க்கு வந்துட்டாங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு பனி! சொர்ணவேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு இறங்கிட்டான். பேச்சிமுத்து மூக்கு கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. அவன் கல்யாணம் அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கு.

"லே தளவாய், கதவ தொற. நான் இறங்கணும்."

"மழை பெய்யுதா?"

"இல்ல."

"அப்ப நீ டூட்டில இல்ல."

"அவன் ஸ்வெட்டர எனக்குக் குடுக்கட்டும்."

"குடுத்தா அவன் துணி இல்லாதவன். அவன் எப்படிலே வெளிய நிப்பான்?"

"அவன் உள்ள வரட்டும்."

"வந்தா நீ பனி இலாகாவுக்குப் போயிருவ. அந்த நேரம் பாத்து மழை வந்தா யாருலே பாக்குறது?"

பேச்சிமுத்து தன் குடைய ஒரு தடவ பாத்துக்கிட்டான்.

"சன்னல் வழியா ஒரு கை அள்ளிக் குடுக்கச் சொல்லேன்"னான், அழுற குரல்ல.

"உள்ள வந்துட்டா அது ஏசி கணக்குல வந்துரும். நான்தான் தொடணும்."

கடைசில ஊய்காட்டான்தான் வழி சொன்னான். "நம்மூர்ல நீ எப்ப வேணும்னாலும் வெளிய நிக்கலாம்லா? பனிய ஊருக்குக் கொண்டு போயிருவோம். அங்க தொடு."

ஆகா, என்ன மூளை! சொர்ணவேல் எவர்சில்வர் தூக்குவாளி நெறைய பனிய அமுக்கி, மூடி, வண்டி மேல கயித்த போட்டுக் கட்டுனான். வந்த வழியே வண்டி திரும்புச்சு.

ராஜஸ்தான்ல உச்சி வெயில். ஊய்காட்டான் டூட்டிக்கு இறங்கி, வண்டி மேல ஏறி வாளிய தொறந்து பாத்தான். அலறிட்டான்.

"லே! பனிய எவனோ களவாண்டுட்டான்! தெரியக்கூடாதுன்னு தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்!"

பேச்சிமுத்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டான். "போச்சே! கோமு கழுகுமலைக்குப் போறாளே!"

தளவாய் மட்டும் ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு யோசிச்சான். "இருங்கலே. இந்தத் தண்ணி எங்க இருந்துச்சு?"

"வண்டிக்கு மேல."

"மேல இருந்து கீழ வர்ற தண்ணிக்குப் பேரு?"

"மழை!"

"அப்ப யாரு இலாகா?"

பேச்சிமுத்து குடைய விரிச்சுக்கிட்டு, கொளுத்துற வெயில்ல கம்பீரமா இறங்குனான். சொர்ணவேல் உள்ள இருந்தே சாட்சி சொன்னான், "வாளிய நெறைச்சவன் நான். உள்ள போனது பனிதான்." வீடியோ கால்ல கோமு வந்துட்டா. ஊய்காட்டான் மேல இருந்து வாளிய இறக்குனான், இவன் உள்ள கைய விட்டான்.

"யாத்தே! சுடுது! சுடுது கோமு!"

கையி செவந்துபோச்சு. கண்ணுல தண்ணி, மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம்.

"நெசமாவே சூடா இருக்கா?"

"கொதிக்குது!"

"அப்பா! இவரு பொய் சொல்லல. கழுகுமலைக்கு வேண்டாம்னு சொல்லிருங்க!"

ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். சங்கரன்கோவில் மண்டபம். நாயனம் ஜோரா போகுது. மாப்பிள்ளை வேன் வாசல்ல வந்து நின்னுச்சு. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. பனியனோட ஊய்காட்டான் மட்டும் இறங்குனான், மாப்பிள்ளை மாலைய தன் கழுத்துல வாங்கிக்கிட்டு, நேரா மணமேடைய பாத்து நடந்தான்!

ஐயர் கத்துறாரு. "மாப்பிள்ளை எங்க?"

"உள்ள இருக்கான். மழை வந்தாத்தான் இறங்குவான்"னான் தளவாய்.

நேரம் போய்க்கிட்டே இருக்கு. கோமுவோட அப்பா வேன்ல இருந்தவங்க கால்லயே விழுந்து பாத்தாரு. ம்ஹும். கோமு எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. பட்டுப்புடவைய தூக்கிச் சொருகுனா. மண்டபத்து மாடிக்கு ஏறி, ஒரு அண்டா தண்ணிய வேன் மேல கவுத்தா.

சன்னல் மெதுவா இறங்குச்சு. பேச்சிமுத்து கைய வெளிய நீட்டினான். விரல தேச்சுத் தேச்சுப் பாத்தான்.

"சில்லுனு இருக்கு"ன்னான். "அப்ப பனி இல்ல. மழைதான்."

குடைய விரிச்சுக்கிட்டு இறங்குனான்.