மாமியார் கொடுத்த ஆடு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் எல்சி நகாய். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் நூலகராக இருந்தவர், நவஹோ என்னும் பூர்வகுடிப் பெண்மணி. அவர் குடும்பத்தில் நடந்ததாம். என் சந்தேகம் கதையில் வரும் ஆற்றைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா என்பது எனக்கே தெளிவாக இல்லை.

1864ஆம் வருடம். வெள்ளையர் குடியேற்றம் மேற்கே பெருகப் பெருக, நவஹோ நிலத்துக்குள் ராணுவம் வந்தது. சோளக் கொல்லைகளை எரித்தது, பீச் பழ மரங்களை வெட்டியது. பசி தாளாமல் சரணடைந்தவர்களை முந்நூறு மைல் கிழக்கே ஒரு முகாமுக்கு நடத்திச் சென்றது. அந்தக் கூட்டத்தில் ஹஸ்கே, அவன் மனைவி தேஸ்பா, அவள் தாய் கீபா மூவரும் இருந்தார்கள்.

நவஹோ வழக்கப்படி மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அது மரியாதை. பார்த்தால் கண் போய்விடும் என்றும் நம்பினார்கள். அதனால் ஹஸ்கே எப்போதும் முன்வரிசையில் நடப்பான், கீபா கடைசியில்.

"சிப்பாய்க்குப் பயந்து ஓடுறியா, மாமியாருக்கா?" என்று உடன் நடந்தவர்கள் சீண்டுவார்கள்.

"சிப்பாய்கிட்ட துப்பாக்கிதானே இருக்கு" என்பான் ஹஸ்கே.

முகத்தை மறைத்துக்கொள்ளக் கீபாவிடம் ஒரே ஒரு போர்வை இருந்தது. வழியில் பிள்ளை பெற்றுக் குளிரில் நடுங்கிய ஒருத்திக்கு அதையும் கொடுத்தாள். தேஸ்பா வாங்கித் தர, கொண்டுபோய்ப் போர்த்தியவன் ஹஸ்கே.

மறுநாள் ரியோ கிராண்டே ஆறு. பனி உருகி வெள்ளம் புரண்டது. வடியும்வரை காத்திருக்கச் சிப்பாய்கள் விடவில்லை. ஹஸ்கேயும் தேஸ்பாவும் கரை ஏறிவிட்டார்கள். பின்னால் வந்த கீபாவை வெள்ளம் இழுத்தது. ஹஸ்கே குதித்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. தேஸ்பா கரையிலிருந்து வழி சொன்னாள். இரண்டு முறை அவன் கை வெறும் நீரைத்தான் பிடித்தது.

அப்போது அவள் கத்தினாள்: "அம்மா போர்வையால முகத்தை மூடிட்டா. கண்ணைத் திற."

திறந்தான். எதிரே மூடாத முகம். கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான்.

பிறகு வெகு நாள், விடிந்ததும் தேஸ்பா தூரத்து மலையைக் காட்டி, தெரிகிறதா என்று அவனைக் கேட்பாள். தெரிகிறது என்பான். கிழக்கே திரும்பி நன்றி சொல்வாள்.

நான்கு வருடம் கழித்து ஊர் திரும்ப விட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஆடு கிடைத்தது. கீபா தன் பங்கில் நல்ல பெட்டையை மகளிடம் கொடுத்து, "என் உயிரைக் காப்பாத்தினவங்களுக்கு" என்றாள். யார் என்று சொல்லவில்லை.

தேஸ்பா அதைக் கணவனிடம் ஓட்டிப்போனாள். "நான் சொன்னது பொய். கண்ணைக் கொடுக்கத் துணிஞ்சது நீதான்."

"நீ சொல்லலைன்னா திறந்திருக்க மாட்டேன். ஆடு உன்னோடது" என்றான் அவன்.

நீங்களே சொல்லுங்கள், ஆடு யாருக்குச் சேர வேண்டும்?

எல்சி வீட்டார் சொல்லும் விடை: ஹஸ்கேவுக்கு. கீபாவிடம் போர்வை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பொய்யென்று தெரிந்தேதான் கண்ணைத் திறந்தான். அந்த ஆட்டின் வழிவந்த மந்தைதான் எல்சியைப் படிக்க வைத்தது. ஒவ்வொரு முறை ஆட்டுமயிர் கத்தரிக்கும்போதும் அவர் ஹஸ்கேவுக்கு நன்றி சொல்லிவிட்டே தொடங்குவார்.

எனக்கு அந்த விடை போதவில்லை. சென்ற மாதம், அவர் ஓய்வுபெற்ற அன்று, கேட்டேவிட்டேன்:

"எல்சி, அது பொய்யென்று ஹஸ்கேவுக்குத் தெரியும் என்றால், தேஸ்பாவின் குரல் வரும்வரை ஏன் கண்ணைத் திறக்கவில்லை?"