நிழலில் வந்த இலை

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி சங்கரவடிவு அம்மாளுக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றவே மறந்துவிட்டார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா என் தம்பி கேப்பான்."

தம்பி கோமதிநாயகத்தின் கதை மடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர்க் கோயில் காவலாளியைக் கொன்றான் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொன்றவன் வேறு ஆள். அது தெரியவர ஒன்பது வருஷம் ஆயிற்று. பிறகு, நீ குற்றவாளி இல்லை என்று ஒரு தாளைக் கொடுத்து வெளியே விட்டார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பொய்ச்சாட்சி சொன்னவன் இன்றைக்கும் கடைத்தெருவில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது. அண்ணன்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

மாதம் தவறாமல் சிறைக்குப் போய், கம்பி வலைக்கு வெளியே நின்று தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

விடுதலையான மறுநாளே தம்பிக்கு மாலை போட்டு, திறந்த ஜீப்பில் நிறுத்தி, நையாண்டி மேளத்தோடு நாலு தெருவும் சுற்றக் கிளம்பினார். கடைத்தெரு வந்ததும் ஜனம் கூடிப் பார்த்தது. தம்பி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் குறுகி உட்கார்ந்துவிட்டான். அன்று வீட்டு அறைக்குள் போனவன், பன்னிரண்டு நாளாக வெளியே வரவில்லை.

"இப்ப ஊரு என்ன கேக்குது தெரியுமா? தப்பு செய்யாதவன் ஏன் ஒளியணும்னு கேக்குது! எந்த வாயி அவனைக் கொலைகாரன்னுச்சோ அதே வாயி!" ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. "வர்ற செவ்வாக்கிழமை கோயில் கொடைத் திருவிழா. முதல் மாலை அவனுக்குத்தான்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். சும்மா வந்து நின்னாப் போதும். வர மாட்டேங்கான். நீங்க அவனைத் திட்டுங்கம்மா."

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை. அவருடைய கண் தியான மண்டபத்தின் மூலையில் இருந்த தொட்டியில் போய் நின்றது. குரோட்டன்ஸ் செடி. வெளிச்சமே எட்டாத மூலை. இலைகள் வேறு நிறமே இல்லாமல் வெறும் கரும்பச்சையாக, சோம்பிப்போய்க் கிடந்தன. வெளியே முற்றத்தில் அதே செடியின் இன்னொரு கிளையிலிருந்து வைத்தது மஞ்சளும் சிவப்புமாக ஆள் உயரத்துக்கு நின்றது.

"இது என்ன நியாயம்? ஒரே தாய்ச்செடி. ஒண்ணு வெயில்ல, ஒண்ணு இருட்டுலயா?"

"நியாயம் இல்லைதான். மூணு வருஷத்துக்கு முந்தி யாரோ அழகுக்குன்னு அங்க வச்சாங்க. நானும் கவனிக்காம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"வெயில்ல வளர்ற செடிதானே இது?"

"வெயில்ல வளர்றதுதான்."

அவ்வளவுதான். ஆவுடையப்பன் தொட்டியை அலேக்காகத் தூக்கினார்.

"கிழக்குத் தாழ்வாரத்துல வைங்க அண்ணாச்சி."

"தாழ்வாரமா? மூணு வருஷம் இருட்டுல கிடந்தது போதாதா? நட்ட நடு முற்றத்துல வைக்கேன். எல்லாரும் பாக்கட்டும்."

முற்றத்துச் செடிக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினார். அப்புறம்தான் அவருக்கு முகம் தெளிந்தது.

அம்மாள் தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வரை இங்கேயே இருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. சனிக்கிழமை இலைகள் வெளுத்தன. ஞாயிறு காலை ஆவுடையப்பன் பல் தேய்த்துக்கொண்டே வந்தவர், வாயைக் கொப்பளிக்கக்கூட மறந்து நின்றார். இலைகளில் இஸ்திரிப் பெட்டி பட்ட துணி மாதிரி பழுப்புத் திட்டுகள். ஏழெட்டு இலை மண்ணில் கிடந்தது. பக்கத்துச் செடி அதே வெயிலில் ஜம்மென்று நின்றது.

அவருக்கு வந்ததே கோபம்! முதலில் செடியின்மேல்.

"என்ன செடிம்மா இது? வெயில் கொடுத்தா வேண்டாம்னு சாகுது!"

"அந்த இலையெல்லாம் நிழல்ல வந்த இலை அண்ணாச்சி. அதுக்கு இந்த வெயிலைத் தெரியாது."

"பக்கத்துல நிக்குதே, அது?"

"அதோட ஒவ்வொரு இலையும் வெயில்லயே பிறந்தது."

கோபம் இப்போது அம்மாள்மேல் திரும்பியது.

"தெரிஞ்சுக்கிட்டே மூணு நாளு பாத்துக்கிட்டு இருந்தியளா? நீங்களே தூக்கி உள்ள வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருப்பேன். நீங்க மறுபடி வெளிய தூக்கியிருப்பீங்க."

இந்த இடத்தில் நான் ஆவுடையப்பன் கட்சி. ஒருவருக்குப் புரியவைக்க ஒரு செடியையா கருகவிடுவது? செடிக்கு வாய் இருந்திருந்தால் இரண்டு பேரையும் நன்றாகக் கேட்டிருக்கும். அம்மாளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். எழுந்துபோய்த் தொட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"பழைய மூலையிலயே வச்சிரட்டுமா?" ஆவுடையப்பனின் குரல் இறங்கியிருந்தது.

"வேண்டாம். அங்க கொண்டுபோனா மிச்சம் இருக்கிறதும் கொட்டிரும்."

"பின்னே எங்கதான் வைக்க?"

"அன்னைக்குச் சொன்ன இடத்துலதான். கிழக்குத் தாழ்வாரம். காலையில அரை மணி நேரம் இளவெயில் படும். பிறகு நாள் முழுக்க வெளிச்சம் மட்டும். ஒரு வாரம் கழிச்சு ஒரு முழம் தள்ளி வைங்க. அடுத்த வாரம் இன்னும் ஒரு முழம்."

"முற்றத்துக்கு எப்ப வரும்?"

"புது இலை விட்ட பிறகு."

அவர் தொட்டியைத் தூக்கினார். இந்தத் தடவை மெதுவாக. தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, கருகிய ஓர் இலையைக் கிள்ளப் போனார்.

"கிள்ளாதீங்க. விழுறப்போ அதுவா விழட்டும்."

"இது இனிமேப் பச்சையாகாதாம்மா?"

"ஆகாது."

ஆவுடையப்பன் அந்த இலையை விரலில் பிடித்தபடியே நின்றார்.

"ஒன்பது வருஷம்மா," என்றார். "திங்கிற சோத்தைக்கூட எண்ணிக் கொடுத்த இடத்துல ஒன்பது வருஷம். அதை யாரு திருப்பித் தருவா? ஊரு தலைகுனியணும். அது என் கண்ணால நான் பாக்கணும். அது தப்பா?"

"தப்பு இல்ல. எனக்கும் அந்த ஆசை உண்டு. பொய்ச்சாட்சி சொன்னவனை நினைச்சா எனக்கும் ராத்திரிச் சோறு இறங்க மாட்டேங்குது. அவனை விடாதீங்க. வழக்குப் போடுங்க, நான் கூட வாரேன். ஆனா அது உங்க கோபம் அண்ணாச்சி. அதைத் தம்பி தலையில மாலையாப் போடாதீங்க."

"கொடைக்கு அவன் வரலைன்னா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

தொட்டியின் விளிம்பில் இளவெயில் ஒரு கீற்றாக விழுந்திருந்தது.

"தம்பி இருக்கிற அறையில சன்னல் உண்டா?" என்று கேட்டார் அம்மாள்.

"உண்டு. கிழக்குப் பாத்த சன்னல்."

"திறந்திருக்கா?"

"அடைச்சுத்தான் வச்சிருக்கான்."

"நீங்க எங்கன நின்னு அவனைக் கூப்பிடுதீங்க?"

"கதவுக்கு வெளியதான். தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கோம், வெளிய வாடேன்னு..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சங்கரவடிவு அம்மாள் மடியில் இருந்த கருகிய இலைகளைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

"கம்பிக்கு வெளிய ஒன்பது வருஷம் நின்னுட்டீங்க அண்ணாச்சி. இப்ப பூட்டு இல்ல. உள்ள போய் அவன்கூட உக்காருங்க."