மடக்காத இலைகள்

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்றொரு பெண் இருந்தாள். ஊர் ஊராகப் போவது, போன ஊரில் சாப்பிடுவது, சாப்பிட்டதை வரைவது. இவைதான் அவளுக்கு உயிர். எங்கே போனாலும் கூட இரண்டு பேர் போவார்கள். ஒன்று அவளுடைய நாக்கு. இன்னொன்று அவளுடைய தூரிகை.

நாக்கு எல்லோருக்கும்தான் பேசும். இவளுடைய நாக்கு, சாப்பிட்டு முடித்த பிறகு, இவளுக்கும் தூரிகைக்கும் மட்டும் கேட்கிற மாதிரி தனியாகப் பேசும். “மிளகு கடைசியிலதான் வந்துச்சு, கதவைத் தட்டாம உள்ள வர்ற சொந்தக்காரன் மாதிரி” என்னும். தூரிகை அதைக் கேட்டுக் கேட்டு வரையும். அதனால் அவள் வரைந்த குழம்பில், அதை ஊற்றிய கையின் அவசரம்கூடத் தெரியும்.

எந்த ஊரானாலும் அவளுக்கு வாழை இலை வேண்டும். சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கமாக மடக்குவாள். அது அவள் வீட்டுப் பழக்கம். தன் பக்கம் மடக்கினால், வயிறு நிறைந்தது, இன்னொரு நாளும் வருவேன் என்று பரிமாறியவருக்குச் சொல்வதாக அர்த்தம். எதிர்ப்பக்கம் மடக்குவது துக்க வீட்டில் மட்டும். மடக்காமலே எழுந்து போகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது.

மணப்பாட்டில்தான் அது முதலில் பிசகியது. அங்கே கடற்கரைத் தெருவில் ரெஜினாம்மாள் என்பவர் தன் வீட்டு முன்னறையில் மத்தியானச் சாப்பாடு போட்டு வந்தார். சூடான சோற்றில் சீலா மீன் குழம்பை ஊற்றினார். ஜன்னல் வெயில் நேராக இலையில் விழுந்தது. குழம்பில் மிதந்த எண்ணெய் பொன்னாக மின்னியது.

“இப்பவே வரை” என்றது தூரிகை.

“முதல்ல சாப்பாடு” என்றது நாக்கு.

“நீ ருசி பாத்து, சப்புக் கொட்டி, கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள வெயில் போயிரும். இந்தப் பொன்னு நாளைக்கு வருமா?”

செண்பகவல்லி கொஞ்சம் தயங்கினாள். பிறகு தாளை எடுத்தாள்.

“ஏ பிள்ள, சோறு ஆறுது. உக்காந்து தின்னு. படம் எங்க ஓடிரப் போவுது?” என்றார் ரெஜினாம்மாள்.

“ஒரே நிமிஷம்மா.”

“இந்த மீனும் அப்படித்தான் சொல்லியிருக்கும், வலைக்குள்ள வாறதுக்கு முன்ன.”

படம் முடிந்தபோது தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. செண்பகவல்லி சாப்பிடாமலே காசை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“ஏட்டி, இலையையாவது மடக்கிட்டுப் போ!” என்று பின்னால் குரல் கேட்டது.

அந்தப் படத்துக்குக் கிடைத்த பேர் அதுவரை எந்தப் படத்துக்கும் கிடைத்ததில்லை. பத்திரிகையில் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். “பாத்தியா?” என்றது தூரிகை. நாக்கு அந்தக் குழம்பைத் தொடவே இல்லை. சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் படம். சோறு ஆறிவிடும், இல்லை பஸ் வந்துவிடும். விருதுநகரில் புரோட்டா, ஆம்பூரில் பிரியாணி, தலச்சேரியில் அரிசிப் பத்திரி. போன ஊரிலெல்லாம் ஓர் இலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள்.

ஒருநாள் வீட்டில் அம்மா சுட்ட தோசையைப் பிய்த்து வாயில் வைத்தாள். நனைந்த காகிதம் மாதிரி இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று நாக்கைக் கேட்டாள்.

“சூடா இருக்கு.”

“அது சரி, ருசி?”

அன்றிலிருந்து நாக்கு பேசவே இல்லை.

பிறகு பசியும் நின்றது. பலகாரக் கடை வாசலில் நின்றாலும் வயிறு அசையவில்லை. அவளை முதன்முதலில் பஸ் ஏற்றிவிட்டதே அந்தப் பசிதான். அது இல்லாமல் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. நாளுக்கு நாள் அவள் இளைத்தாள். தூரிகையோ, கழுவி வைக்கும்போதெல்லாம் முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது.

மதுரையில் ஒரு கூடத்தில் அவளுடைய படங்களைச் சட்டம் போடாமல், கிளிப் மாட்டிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார்கள். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற தங்கதுரைக்கு ஒரே சந்தோஷம்.

“மேடம், உங்க படத்தைப் பாத்துட்டு எல்லாரும் நேரா எதிர்த்த ஓட்டலுக்குத்தான் ஓடுறாங்க. ஓட்டல்காரன் உங்களுக்கு கமிஷன் தரணும்!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு மேடம். இலை முன்னால உட்கார்ந்ததும் ஒருத்தருக்கும் பசியே இல்லாம போயிருதாம். வெறிச்சுப் பாத்துக்கிட்டே எழுந்து போறாங்களாம்.”

அந்த வாரம் வெளிநாட்டில், லிஸ்பன் நகரத்து ஓவியக் கண்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய படம் ஒன்றை அங்கே வைக்கப் போகிறார்கள், அவளும் போக வேண்டும். சாப்பாட்டை நிறையப் பார்த்துவிட்டோம், சாப்பிடுகிறவரையும் வரைந்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

“இலையில எதையும் வைக்காத. வெறும் இலையா இருக்கட்டும். அப்பத்தான் உன்னைப் பாப்பாங்க” என்றது தூரிகை.

அப்படியே வரைந்தாள். விரித்த வெற்று இலை, அதற்கு எதிரே சம்மணமிட்டு அவள். அதையும் அந்தச் சுவரின் கடைசியில் மாட்டினார்கள். சாயங்காலம் பார்சல்காரர் வந்து எடுத்துப் போவார்.

உச்சிப்பொழுது. தங்கதுரை கூடத்தைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். உள்ளே அவள் மட்டும் இருந்தாள். மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் தாள்கள் எல்லாம் மெல்ல அசைந்தன. மணப்பாட்டுப் படத்தில் சோற்றின் மேல் ஆவி எழுந்தது. அவள் அந்த ஆவியை வரைந்ததே இல்லை.

“வந்துட்டியா?” என்றது மணப்பாட்டு இலை.

அவள் படத்துக்கு அருகில் போனாள். “யாரு?”

“நீ மடக்காம விட்டுட்டுப் போனவங்க. இலை திறந்திருந்தா பந்தி முடியலைன்னு அர்த்தம். பந்தி முடியாம நாங்க ஓய முடியாது. யாரும் சாப்பிடலைன்னா நாங்க சாப்பிடுவோம்.”

“எதை?”

“முன்னால எது இருக்கோ அதை. நீ எழுந்து போயிட்ட. உன் பசி எழுந்திரிக்கல. அது எங்க முன்னாலயே உட்கார்ந்திருந்துச்சு.”

“இப்ப கொஞ்சம்தான் மிச்சம்” என்றது ஆம்பூர் இலை.

“பாக்க வர்றவங்களோடதும் நல்லாத்தான் இருக்கு” என்றது தலச்சேரி இலை, ரகசியம் போல.

செண்பகவல்லி மணப்பாட்டுப் படத்தைக் கிளிப்பிலிருந்து உருவினாள். தரையில் உட்கார்ந்து அதை முன்னால் விரித்தாள்.

“பைத்தியமா உனக்கு?” என்று பைக்குள்ளிருந்து கத்தியது தூரிகை. “அதுதான் உன் பேரு! மடக்கின இலையை எவன் வந்து பாப்பான்?”

அவள் தாளின் மேல்விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாக மடக்கினாள். கெட்டித் தாள் முறிந்தது. பொன்னிற வண்ணம் உதிர்ந்து மடியில் விழுந்தது.

வாய்க்குள் ஏதோ அசைந்தது.

“புளி” என்றது நாக்கு. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி அதன் குரல் கரகரத்தது. “தேங்காய். மிளகாய் ஒரு துளி தூக்கல். அந்தம்மா கை கொஞ்சம் தாராளம்.”

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. அடுத்த படத்தை உருவினாள். அதையும் மடக்கினாள். அதற்கடுத்ததையும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ருசி வாயில் வந்து உட்கார்ந்தது. சுவர் வெறுமையாகிக்கொண்டே வந்தது. எதிர் ஓட்டலில் யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை ஜன்னல் வழியாக நுழைந்தது. அவள் வயிறு, கூடத்தில் எதிரொலிக்கிற மாதிரி, உறுமியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக ஒரே ஒரு படம் இருந்தது. அவள் அதன் விளிம்பைத் தொட்டாள்.

தூரிகை இந்த முறை கத்தவில்லை. “லிஸ்பன்” என்று மட்டும் சொன்னது.

அவள் கை நின்றது.

“வெறும் இலைதானே” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “இதுல நான் விட்டுட்டு வந்த சோறு எதுவும் இல்லையே.”

“மடக்கு” என்றது நாக்கு.

“மடக்கத்தான் போறேன். போயிட்டு வந்து.”

வெளியே கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்கு முன்பே பார்சல்காரர் வந்துவிட்டார் போல. வாசலில் தங்கதுரையின் குரலும் இன்னொரு குரலும் கேட்டன. செண்பகவல்லி அந்த வெற்று இலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அவசரமாகச் சொன்னாள்.

“திரும்பி வந்ததும் கட்டாயம் மடக்கிடுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றது இலை. “நீதான் எனக்கு முன்னால உட்கார்ந்திருக்கியே.”