அமைச்சர் கட்டச் சொன்ன மாலை

மூடுபனி விலகாத ஒரு மலைநாட்டில் படை ரகசியங்கள் பூமாலைகளாக ஆற்றில் மிதந்து போகும். எழுத்துக்கு ஒரு பூ. எது எந்த எழுத்து என்பது அமைச்சர் மேகவர்ணருக்கும் கீழ்க்கோட்டைத் தளபதிக்கும்தான் தெரியும். பொருள் தெரியாமலே, அமைச்சர் சொல்லும் வரிசையில் அரண்மனைப் பூக்காரி பூவல்லி கட்டித் தருவாள்.

ஒருநாள் எதிரிக்கு ரகசியம் தெரிந்துவிட்டது.

"இந்தப் பூவல்லிதான் எந்தப் பூ எந்த எழுத்து என்பதைக் களவாடி விற்றிருக்கிறாள். என் பூக்களை வேறு யாராலும் படிக்க முடியாது," என்றார் அமைச்சர்.

"யாரும் சொல்லித் தராமல் படிக்க முடியும் என்று காட்டு. இல்லாவிட்டால் உன் தலை போகும்," என்றார் ராஜா அவளிடம்.

பனிக்குள் மிதந்துபோன மாலையைப் பூவல்லி இழுத்தெடுத்தாள்.

"அமைச்சர் வெளியே வந்தால் கட்டியக்காரர் என்ன கூவுவார், மகாராஜா?"

"திசையெட்டும் வென்ற தீரர், மதியூகி மேகவர்ணர் பராக். ஊருக்கே மனப்பாடம்."

"எல்லா மாலையும் ஒரே பூக்களில்தான் தொடங்கும். கட்டியத்தை அதன்மேல் வைத்தேன், எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மிச்சத்தை ஊகித்துவிடலாம். எதிரிக்கும் காது இருக்கிறதே."

அன்றைய மாலையை வாய்விட்டுப் படித்தாள்: "நாளை வடக்கு வாசலில் காவல் இல்லை."

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"பூக்களை எல்லாம் மாற்றுங்கள். இனி மாலை உங்கள் பட்டத்தோடு தொடங்கக் கூடாது," என்றார் ராஜா.

மறுநாள் புதுப் பூக்கள் வந்தன. பூவல்லி கனவில்போலக் கட்டிக்கொண்டே போனாள். கடைசி முழத்தில் கை நின்றது. பூக்கள்தான் வேறு; அதே நீளம், அதே இடங்களில் திரும்பி வரும் பூக்கள்.

பட்டம் மொத்தமும் மாலையின் வாலில் உட்கார்ந்திருந்தது.