கயிறில்லாமல் கட்டிய மண்

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஜமீன்தாருக்குக் கோபம் வந்துவிடும். அவர் தன் வயலை ஓயாமல் உழவைத்து, மண்ணை மாவாக்கி வைத்திருந்தார். பக்கத்திலேயே அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒச்சாயி கம்பு போட்டிருந்தாள். அவள் உழுவதே அபூர்வம்.

"சோம்பேறிக்கு எதுக்கு நிலம்?" என்றார் ஜமீன்தார். "ஒரு பிடி மண்ணைத் தண்ணியில கரையாம கட்டிக் காட்டு. கயிறு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் கூடாது. முடியலன்னா நிலத்தை விட்டுட்டுப் போ."

"சரிங்க எசமான். உங்க மண்ணும் கூடவே முங்கட்டும்" என்றாள் ஒச்சாயி.

ஊரே கூடியது. இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். கம்பு வேரடியில் எடுத்த ஒச்சாயியின் மண்கட்டி போட்டது போட்டபடியே கிடந்தது. ஜமீன்தார் அழுத்திப் பிடித்துக் கொண்டுவந்த உருண்டையோ பொலபொலவென்று கரைந்துபோனது.

"கூழு ரெடி எசமான், உப்புப் போடவா?"

ஊர் சிரித்தது. ஜமீன்தார் பாய்ந்து ஒச்சாயியின் கட்டியை உடைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு இல்லை, சல்லிவேர்தான் இருந்தது.

"யாருடி இதைக் கட்டினது?"

"வேர்ல குடியிருக்கிற பூஞ்சைங்க எசமான். கம்பு அதுக்குச் சோறு போடுது. அது கண்ணுக்குத் தெரியாத நூல் விட்டு, பசை தடவி, மண்ணைக் கட்டுது. உங்க வயல்லயும் இருந்துச்சு. உழுது உழுது நூலை அறுத்துட்டீங்க."

ஜமீன்தாரின் குரல் இறங்கியது. "இப்ப நான் என்ன செய்யணும்?"

"கம்பை விதைக்கச் சொல்லிட்டுச் சும்மா இருக்கணும் எசமான். உங்களுக்குப் பழக்கமான வேலைதானே?"

"நிலம் உனக்கே, போய்த் தொலை!" என்று கத்திவிட்டு ஜமீன்தார் வீட்டுக்குள் போனார்.

ஒச்சாயியைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவை அவருடைய உழவு மாடுகள்தான்.