பெட்டியில் கட்டிய மஞ்சள் துணி

வெளிநாடு புறப்பட்ட மில் முதலாளி சென்னியப்பனின் கறுப்புப் பெட்டிப் பிடியில், உடன் போகும் சமையற்காரி ராமாத்தாள் கல்யாண மஞ்சள் பையைக் கிழித்துக் கட்டினாள்.

“பட்டிக்காட்டு வேலை! அவுத்தெறி!” என்று அவர் சீறினார். அவளும் அவிழ்த்தாள்.

அங்கே போய் இறங்கினால், விமான நிலையத்தின் ஓடும் பட்டையில் ஒரே மாதிரி முப்பது கறுப்புப் பெட்டிகள் சுற்றி வருகின்றன. முதலாளியின் சர்க்கரை ஊசி மருந்தோ பெட்டிக்குள்! ஊசி போடும் நேரமும் தாண்டிவிட்டது.

“ஒரே நிமிசத்துல எடுத்துட்டு வா!” என்று கத்தினார்.

ராமாத்தாள் குனிந்து, ஒவ்வொரு பெட்டியின் அடிப்பக்கத்தையும் பார்த்தாள். ஒன்றில் மஞ்சள் துணி தெரிந்தது. இழுத்து வந்தாள்.

“அவுக்கச் சொன்னேனே?”

“பிடியில இருந்ததை அவுத்துட்டனுங்க. அடியில சக்கரத்துல கட்டினா உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்கதான் எதுக்கும் குனியறதில்லீங்களே!”

திரும்பும் நாளில் முதலாளி மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, ராமாத்தாளின் பெட்டிக்குத் தன் கையாலேயே மஞ்சள் துணி கட்டினார்.

“முடிச்சு சரியா இருக்குதா, அம்மிணி?”