கூகையனின் சுரைப்பந்தல்

முன்னொரு காலத்தில், வெயிலே அதிகம் விழாத முகில்நாட்டில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். மழை வந்தால் விதை அழுகுமே என்பாள். வராவிட்டால் கொடி கருகுமே என்பாள். இரண்டும் இல்லாத நாளில் என்ன வரப்போகிறதோ என்பாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடிப்பதற்குள் கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்டி அவரை ஊன்ற வேண்டும்.

“ஏனுங்க, வானம் கறுக்குது. காட்டுல மக்கின சருகு ஒரு கூடை அள்ளிட்டு வாங்களேன்.”

“போறேன் புள்ள, போறேன்” என்று புருஷன் மாரப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

மறுநாள் பூவாத்தாள் தேடிப் போனாள். நடுக்காட்டில் ஒரு சுரைப்பந்தல். மேலே பச்சைப் பிஞ்சுகள் வரிசையாகத் தொங்கின. கீழே கறுத்து அழுகிய பிஞ்சுகள் மண்ணை மூடிக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த அழுகலை அள்ளித் தின்றுகொண்டிருந்தான் மந்திரவாதி கூகையன்.

“என் சருகை அள்ள வந்தவனைப் பிஞ்சாக்கிவிட்டேன்” என்றான் அவன். “எது உன் ஆள் என்று காட்டு, கூட்டிப் போ. மழையின் முதல் துளி விழுந்துவிட்டால் அவன் எனக்கு.”

பூவாத்தாள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் அசையவில்லை. சாமியைக் கும்பிட்டு அழுதாள். ஒன்றும் அசையவில்லை. இடி இடித்தது. பயத்தில் அவள் வாய் பழக்கப்படி புலம்ப ஆரம்பித்தது.

“பாத்தி கொத்துங்கன்னேன், கொத்துனீங்களா? அவரைக்குக் கொம்பு நடுங்கன்னேன், நட்டீங்களா? எருவைக் கலந்து வையுங்கன்னேன், வெச்சீங்களா?”

பந்தலின் மூலையில் ஒரு பிஞ்சு மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. கல்யாணமான நாள் முதல் அவள் புலம்பினால் மாரப்பன் செய்வது அதைத்தான்.

“ஐயோ, இதுதான்!” கை தானாக எழுந்தது. விரல் பாதி நீண்டுவிட்டது. அப்போது காலடியில் கிடந்த கறுப்புப் பிஞ்சுகளைப் பார்த்தாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது கொல்லை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் தொலைந்தவரைக் கண்ட சந்தோஷத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? இத்தனை பேரும் அப்படித்தானே போயிருக்கிறார்கள்!

விரலை மடக்கிக்கொண்டு விரல் முட்டியால் காட்டினாள். “இதுதானுங்க ஐயா.”

கூகையனின் முகம் கோணியது. “அது என்னடி மடக்கின விரல்? இப்படி நீட்டு!” என்று தன் விரலைப் பிஞ்சை நோக்கி நீட்டினான்.

பூவாத்தாள் பாய்ந்து பிஞ்சைச் சேலைத் தலைப்பால் மூடி மார்போடு அணைத்தாள். தாக்க இடமில்லாத அழுகல் அவன் விரலுக்கே திரும்பியது. விரல் கறுத்தது, கை கறுத்தது, ஆளே கறுத்து மண்ணோடு சரிந்தான்.

தலைப்புக்குள்ளிருந்து மாரப்பன் எழுந்தான். “இங்கயும் வந்து திட்டறியே புள்ள.”

“திட்டாம? எல்லாத்தையும் போட்டுட்டு வந்தது யாரு?” என்று தேம்பினாள்.

பச்சைப் பிஞ்சுகளெல்லாம் மனிதர்களாகி இறங்கின. கறுத்தவை அப்படியே கிடந்தன. இறங்கியவர்களில் மகனைத் தேடி வந்து பிஞ்சாகிப்போன ஒரு தாய், கறுத்தவற்றில் தன் மகன் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். கடைசியில் எல்லோருமாகக் கையாலேயே குழி பறித்து அவற்றைப் புதைத்தார்கள். மழை வந்துவிட்டது.

செய்தி கேட்ட ராஜா பந்தல் இருந்த அந்த நிலத்தைப் பூவாத்தாளுக்கே கொடுத்தார். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன் அவளும் மாரப்பனும் அதைக் கொத்தி அவரை ஊன்றினார்கள். கொடி ஏறிக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. முதல் பறிப்பை அந்தத் தாய்க்குத்தான் கொண்டுபோவாள். அவளும் முந்தானையில் வாங்கிக்கொள்வாள். சமைத்தாளா என்று பூவாத்தாள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கதை கேட்டவர்களே, உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லோரும் விளக்கு வைப்பதற்குள் திரும்பி வரட்டும்.